டாடா 1210 எஸ்இ: ஓனருக்கு அஞ்சு ஸ்டார், டிரைவருக்கு ரெண்டு

ஷோரூம்லயே இல்லாத பழைய லாரிக்கு இப்ப எதுக்குய்யா ரிவ்யூன்னு கேப்பீங்க. போன் வாங்குனவன் மறுநாளே ரிவ்யூ எழுதறான், நான் வண்டிய வாங்கி, ஓட்டி, எஞ்சின் பிரிச்சு, டியூ கட்டி முடிச்சு, வண்டி தகுதிச் சான்று, அதான் எஃப்சி, அதுக்கு வரிசையில நின்னு, கடைசில வித்தும் முடிச்சிட்டு எழுதறேன், இதைவிட என்ன தகுதி வேணும்ங்க. தவிர இப்ப கொஞ்ச பேரு பழைய லாரி ஒன்னு வாங்கி பெயிண்ட் அடிச்சு தோட்டத்துல நிறுத்தலாமான்னு கேக்கறாங்க, அவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன், அந்த வண்டிக்கு ஓனரும் நான்தான் டிரைவரும் நான்தான். சங்ககிரி திருச்செங்கோடு பக்கம் இது ஒன்னும் அதிசயம் இல்ல, முதல்ல கிளீனரா ஏறி, அப்புறம் டிரைவராகி, அப்புறம் மச்சானோட பாதிக்குப் பாதி காசு போட்டு, மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி எடுக்கறது, எங்க ஊர்ல நெறைய பேரு இப்படித்தான் மேல வந்தாங்க. அதனால எனக்குள்ள ரெண்டு ஆளு. ஓனர கேட்டா இந்த மாதிரி வண்டி இனி வராதும்பான், டிரைவர கேட்டா வராததே நல்லதும்பான், ரெண்டு பேரும் பொய் சொல்லல. பழைய லாரிய பத்தி உருகி உருகி பேசறவங்க எல்லாம் ஓனர் பேச்ச மட்டும்தான் பேசறாங்க, டிரைவர் என்ன பாடுபட்டான்னு யாரும் கேக்கறதில்ல, அதான் எனக்கு கொஞ்சம் கடுப்பு.

வண்டி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. 1210ல 12ங்கறது வண்டியும் பாரமும் சேத்து மொத்தம் 12 டன், 10ங்கறது குதிரை சக்தி நூறு சொச்சம்ங்கற கணக்கு. எஸ்இன்னா செமி ஃபார்வர்டு, அதாவது எஞ்சின் பாதி வெளிய மூக்குல இருக்கும், பாதி கேபினுக்குள்ள டிரைவர் கால்கிட்ட இருக்கும். முழு மூக்கையும் நீட்டிக்கிட்டு போனது அதுக்கு முந்தின தலைமுறை. 1954ல டாடாவோட லாரி கம்பெனி டெல்கோக்காரங்க ஜெர்மனி டைம்லர் பென்ஸ் கூட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி பண்ண ஆரம்பிச்சாங்க, அப்ப மூக்கு மேல அந்த மூணு முனை நட்சத்திரம் இருக்கும், 1969ல ஒப்பந்தம் முடிஞ்சதும் நட்சத்திரம் எறங்கி டாடாவோட டி ஏறிடுச்சு. ஆனா எங்க பக்கத்து பெருசுங்க அதை எல்லாம் கண்டுக்கல, அவங்களுக்கு டாடா லாரின்னாலே பென்ஸ் லாரிதான். எங்கப்பா கடைசி வரைக்கும் என் வண்டிய பென்ஸுன்னுதான் சொல்லுவாரு, பையன் சொந்தமா பென்ஸ் வச்சிருக்கான்னு அவரு வெளியூர்ல சொல்லப்போயி பெரிய எடத்துல இருந்து பொண்ணு குடுக்க விசாரிச்சுட்டு வந்தாங்க, வாசல்ல வெங்காயச் சருகு ஒட்டிக்கிட்டு நின்ன வண்டிய பாத்துட்டு டீ மட்டும் குடிச்சுட்டு போயிட்டாங்க, அது தனிக் கதை.

சரி, முதல்ல ஓனர் பேசட்டும்.

எஞ்சின் 692. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் ஓட்டையோட அகலம்), அதான் 692. இதே கணக்குல 697னா ஆறு சிலிண்டர் 97 மில்லி, 407 வண்டில வந்த 497னா நாலு சிலிண்டர் 97 மில்லி. பட்டறையில சின்னப் பசங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. 692க்கு 4788 சிசி, டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. வண்டி ஓடறதுக்கு என்ன வேணும்னா டீசல் வரணும், காத்து வரணும், கம்ப்ரஷன் இருக்கணும், அவ்வளவுதான். கரண்டு வேண்டியது செல்ஃப் எடுக்கவும் லைட் எரியவும் மட்டும், செல்ஃப் போச்சுன்னா மேட்டுல நிறுத்தி வச்சு காலைல உருட்டி விட்டு கியர் போட்டா எடுத்துக்கும். அதனாலதான் அந்தக் காலத்து லாரிக்காரன் எவனும் சமதளத்துல வண்டி நிறுத்த மாட்டான், ஊருக்குள்ள எங்க சரிவு இருக்குன்னு பஞ்சாயத்து ஆபீஸைவிட எங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

மைக்கோ பம்ப்ப பத்தி சொல்லணும். பெங்களூர்ல பாஷ் கம்பெனிக்காரங்க பண்ணுன டீசல் பம்ப், எல்லாரும் மைக்கோன்னுதான் சொல்லுவோம். சிலிண்டருக்குள்ள டீசல பீச்சற ஆறு நாசிலுக்கு ஆறு பைப்பு வரிசையா போகும், எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு பைப் நட்டா லூஸ் பண்ணிப் பாப்போம், எதை லூஸ் பண்ணா எஞ்சின் சத்தம் மாறலையோ அதுதான் நோயாளி. இதுக்கு லேப்டாப் வேணுமா? ஒரு ஸ்பேனரும் காதும் போதும். டீசல் தீந்து ஏர் புடிச்சிருச்சுன்னா பம்ப் பக்கத்துல ஏர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, ஹேண்ட் பம்ப்ப அடிச்சுக்கிட்டே இருக்கணும், நுரை நுரையா வர்ற டீசல் ஒரே கோடா வந்ததும் டைட் பண்ணி செல்ஃப் அடிச்சா எடுத்துரும். என்கூட வந்த கிளீனர் பையன் எட்டாவது வரைக்கும் படிச்சவன், ராத்திரி இருட்டுல டார்ச்சு கூட இல்லாம இதை பண்ணுவான். டேங்க்ல கல்லு பட்டு ஒழுகுச்சுன்னா துணி சோப்பு கட்டிய நல்லா அழுத்தி தேச்சு விட்டா பட்டறை போற வரைக்கும் தாங்கும், டீசல் சோப்ப கரைக்காது.

எனக்கு இன்னைக்கும் நெனைப்புல நிக்கறது சித்ரதுர்கா தாண்டி ஒரு ராத்திரி. சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு பம்பாய் போறோம், அப்ப ரோடு எல்லாம் நாலு வழி ஆக்கறதுக்கு அங்கங்க தோண்டிப் போட்டிருந்தாங்க, டைவர்ஷன்ல ஒரு பள்ளத்துல எறங்கி ஏறினதும் பின்னாடி படார்னு ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. எறங்கிப் பாத்தா ஸ்பிரிங் கட்டுல மெயின் பிளேட்டே ரெண்டா போயிருக்கு. பேப்பர்ல ஏழரை டன் சொச்சம் ஏத்தற வண்டில பத்துக்கு மேல ஏத்துனா பிளேட்டு என்னங்க பண்ணும், 2005 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஓவர்லோடு கூடாதுன்னு சொல்ற வரைக்கும் ரோட்டுல எல்லாரும் அப்படித்தான், வாடகை அந்த எடையை வச்சுத்தான் பேசுவாங்க. மரக்கட்டைய சொருகி சங்கிலிய சுத்தி கட்டி, ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்து ஊர்ந்து ஒரு பட்டறைக்கு போயி சேந்தோம். அங்க இருந்த மிஸ்திரிக்கு கன்னடமும் உருதும், எனக்கு தமிழும் கெட்டவார்த்தை அளவுக்கு ஹிந்தியும். மெயின் பிளேட், சென்டர் போல்ட், யு போல்ட், புஷ், இந்த நாலு வார்த்தையிலயே பேசி முடிச்சோம். அவரு ஏதோ கழிச்சுப் போட்ட வண்டில இருந்து ஒரு பிளேட்ட எடுத்துட்டு வந்து, உலையில காய்ச்சி, சம்மட்டில அடிச்சு வளைவு சரி பண்ணி, ஓட்டை போட்டு, விடியறதுக்குள்ள மாட்டிக் குடுத்துட்டாரு. டாடா வண்டிங்கறதால நடந்தது அது, இந்தியாவுல எந்த மூலையில நின்னாலும் பத்து கிலோமீட்டருக்குள்ள அந்த வண்டிய கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட ஏதோ ஒரு செத்த வண்டியோட பார்ட்ஸும் இருக்கும். நான் குடுக்கற அஞ்சு ஸ்டார்ல மூணு இதுக்கு மட்டும்.

எஞ்சின் வேலைன்னு வந்தாலும் பயமில்ல. கிராங்க்க லேத்துக்கு கொண்டுபோயி பத்து சைஸ் கிரைண்டிங் பண்ணி (ஒரு இன்ச்ச ஆயிரமா பிரிச்சா அதுல பத்து பங்கு தேச்சு எடுக்கறது) அதுக்கு தக்கின பேரிங் போடுவாங்க, அடுத்த தடவை இருபது, அப்புறம் முப்பது, நாப்பது வரைக்கும் போகும். போரிங் பண்ணி ஸ்லீவ் எறக்கி பிஸ்டன் ரிங் எல்லாம் புதுசு போட்டா மறுபடி புது எஞ்சின்தான். அதாவது ஒரு வண்டிய வாங்குனா அந்த வண்டி முழுக்க உனக்கு சொந்தம், அதுல எந்த நட்டையும் நீயே கழட்டலாம், எவன்கிட்டயும் பாஸ்வேர்டு கேக்க வேண்டியதில்ல. டியூ கட்ட முடியாத மாசம் இருக்கும் பாருங்க, மழை மாசம், லோடு கெடைக்காம லாரி ஆபீஸ் திண்ணையிலயே சீட்டாடிக்கிட்டு கெடக்கற மாசம், அப்பயும் வண்டியோட செலவு நம்ம கைக்குள்ள இருக்கும், இந்த மாசம் கிளட்ச் பிளேட்டு தள்ளிப் போடலாம், டயருக்கு ரீட்ரெட் ஒட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு நாமளே முடிவு பண்ணலாம். சின்ன ஓனர் பொழைச்சது அந்த எடத்துலதான்.

மைலேஜ் லோடோட நாலரை, அஞ்சு. அந்த எடைக்கு அது நல்ல கணக்கு. எங்க தாய்மாமன் லேலண்ட் கோமெட் லாரி வச்சிருந்தாரு, எண்ணூர்ல பண்ணுன வண்டி, அதுல எஞ்சின் பெருசு, 370 க்யூபிக் இன்ச்சு, ஆறு லிட்டர் வரும். மேட்டுல அவரு வண்டி மூச்சு வாங்காம ஏறும், நான் பின்னாடி கியர் மாத்தி கியர் மாத்தி ஏறுவேன், மேல போயி அவரு டீ குடிச்சு முடிச்சிருப்பாரு. ஆனா பங்க்ல நிக்கறப்ப நான் சிரிப்பேன். மாமாவுக்கு லேலண்ட்டுன்னா நம்ம மெட்ராஸ் வண்டின்னு ஒரு பெருமை, 1948ல அசோக் மோட்டார்ஸா ஆஸ்டின் கார் சேத்துக்கிட்டிருந்த கம்பெனி 1955ல அசோக் லேலண்ட் ஆன கதைய சொந்த அண்ணன் கல்யாணக் கதை கணக்கா சொல்லுவாரு. டாடாவா லேலண்டாங்கற சண்டை எங்க குடும்பத்துல ஒரு தீவாளிக்கும் தீந்ததில்ல.

இப்ப டிரைவர் பேசட்டும், அவன் ரொம்ப நேரமா பல்ல கடிச்சுக்கிட்டு இருக்கான்.

முதல் விஷயம் கேபின். அந்தக் காலத்துல லாரி வாங்கறதுன்னா சேஸ்தான் வாங்கறது, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அப்படித்தான். பேனட், ஸ்டியரிங், மீட்டரு, அவ்வளவுதான் இருக்கும், கதவு கிடையாது கூரை கிடையாது. ஃபேக்டரில இருந்து டெலிவரி எடுத்துட்டு வர்ற டிரைவருங்க தலையில துண்ட கட்டிக்கிட்டு கண்ணாடி போட்டுக்கிட்டு வெறும் சேஸ்ல மழையிலயும் வெய்யில்லயும் ஜாம்ஷெட்பூர்ல இருந்து ஓட்டிட்டு வருவாங்க, பூச்சி எல்லாம் மூஞ்சிலதான் அடிக்கும், அவங்களுக்கு தனியா ஒரு கும்பிடு போடணும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைக்கு வந்த அப்புறம்தான் ஆசாரிங்க மரத்துலயும் தகரத்துலயும் கேபினும் பாடியும் கட்டுவாங்க. வேலைப்பாடு எல்லாம் அருமை, மேல முருகன் படம், பக்கத்துல மயிலு, பின்னாடி ஒலி எழுப்பவும், டேஷ்போர்டுல கண்ணாடி பதிச்ச டிசைன்னு பாக்க அப்படி இருக்கும். ஆனா உள்ள உக்காந்து ஓட்டறவன் முதுகுக்கு யாரும் டிசைன் பண்ணல. சீட்டுங்கறது பலகை மேல கொஞ்சம் தேங்கா நாரும் ரெக்சினும். எடது காலுக்கு பக்கத்துல எஞ்சின் மூடி, கோணிப்பை நாலு மடிச்சுப் போட்டாலும் சூடு தாங்காது, ஏப்ரல் மே மாசம் தாவணகெரே ரோட்டுல மத்தியானம் ஓட்டுனா கால் முடி கருகற வாசனை வரும், நான் ஏத்தி சொல்லல. வலது கை ஜன்னல் பக்கம் வெய்யில்ல கெடந்து கெடந்து எடது கையைவிட கறுப்பாவே இருக்கும், பழைய டிரைவர் யாராச்சும் இருந்தா ரெண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்க.

பவர் ஸ்டியரிங் கிடையாது. பத்து டன் பாரத்தோட வண்டி நின்ன எடத்துல ஸ்டியரிங் திருப்ப முடியாது, உருட்டிக்கிட்டே திருப்பணும், மார்க்கெட் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கறப்ப சீட்ட விட்டு எழுந்து நின்னு ஒடம்பு முழுக்க போட்டு இழுக்கணும். கியருக்கு ரெண்டு தடவை கிளட்ச்ச மிதிக்கணும், நியூட்ரல்ல ஒன்னு கியர்ல ஒன்னு, நடுவுல ரேஸ் சரியா குடுக்கலன்னா கரகரன்னு கத்தி ஊருக்கே சொல்லிரும். இதைத்தான் இப்ப ‘ரா டிரைவிங் ஃபீல்’னு வீடியோல பேசறாங்க. அந்த ஃபீலோட விலை என் எடது முட்டி, எலும்பு டாக்டர்கிட்ட மாசாமாசம் கட்டிக்கிட்டிருக்கேன்.

பிரேக்க பத்தி சிரிக்காம சொல்றேன். இந்த 1210ல முழு ஏர் பிரேக் இல்ல, ஆயில் பிரேக்குக்கு காத்து ஒத்தாசை பண்ற செட்டப். அந்த காலத்துக்கு அது எல்லாரும் போட்டதுதான், முழு ஏர் பிரேக் பின்னாடி வந்த மாடல்கள்ல வந்துச்சு. பாரத்தோட நீள எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம்மு காஞ்சு லைனிங் கருகி ஒரு கட்டத்துல பெடல் இருக்கும் பிரேக் இருக்காது. எனக்கு வண்டி கத்துக் குடுத்த குருநாதர் சொல்லுவாரு, எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல எறங்குன்னு. தர்மபுரில இருந்து சேலம் வர்றப்ப தொப்பூர் கணவாய் எறங்கணும், எத்தனை வண்டி அங்க போயிருக்குன்னு அந்த ரோட்டுல ஓட்டுனவங்களுக்கு தெரியும். டீசல் மிச்சம் புடிக்கறதுக்கு நியூட்ரல் அடிச்சு விட்டு எறங்கறவங்க அப்ப நெறைய, மொதலாளி லிட்டர் கணக்கு கேப்பானேங்கற பயம்தான் காரணம். இங்கதான் பாருங்க, ஓனரும் டிரைவரும் ஒரே ஆளா இருந்ததுல எனக்கு ஒரு லாபம், அந்த எறக்கத்துல மிச்சமாகற டீசல் யாருக்குன்னு கணக்கு பாத்தா எனக்குத்தான், போற உசுரும் எனக்குத்தான், அதனால ரெண்டு பேரும் சண்டை போடாம தேர்டு கியர்லயே எறங்குவோம். வேற ஒருத்தன் வண்டிய ஓட்டிக்கிட்டிருந்தப்ப அந்த முடிவு அவ்வளவு சுலபமா இல்ல.

கிளீனர் பசங்க பாடு இன்னும் மோசம். மேட்டுல வண்டி நின்னுச்சுன்னா கட்டைய தூக்கிக்கிட்டு குதிச்சு ஓடி பின் சக்கரத்துக்கு அண்டை குடுக்கணும், ரோடு ஈரமா இருந்தாலும் சரி இருட்டா இருந்தாலும் சரி. டயர் கழட்டறது அதைவிட பயம், அப்ப எல்லாம் டியூப் டயர், டிஸ்க்கு மேல லாக் ரிங் போட்டு அடிச்சு உக்கார வைக்கணும், காத்து புடிக்கறப்ப ரிங் சரியா உக்காரலன்னா பிச்சுக்கிட்டு பறக்கும், அதுல கை முகம் போனவங்க உண்டு. சங்கிலிய சுத்தி கட்டிட்டுத்தான் காத்து அடிக்கணும். ட்யூப்லெஸ் டயர கண்டுபிடிச்சவனுக்கு இந்த ஊர் கிளீனருங்க கோயிலே கட்டலாம்.

இவ்வளவு சொல்லிட்டு ரெண்டு ஸ்டார் எதுக்குன்னா, ஒன்னு அந்த எஞ்சின் சத்தத்துக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹூப்ளி பெல்காம் ரோட்டுல டாப் கியர்ல ஒரே ரேஸ்ல போறப்ப அந்த ஆறு சிலிண்டரு ஒரு சுருதி புடிக்கும், அதுல ஏதாச்சும் தட்டு மாறுச்சுன்னா தூக்கக் கலக்கத்துலயும் தெரியும், பக்கத்துல தூங்கற பையனுக்கும் தெரியும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிமிந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்.

இன்னொன்னு சாப்பாட்டுக்கு. வண்டிலயே பம்ப் ஸ்டவ்வு, ஒரு குண்டா, அரிசி, தொவரம்பருப்பு, சின்ன வெங்காயம், ஒரு பாட்டில் நல்லெண்ணெய் எல்லாம் இருக்கும். கோலாப்பூர் தாண்டி ஏதாச்சும் ஒரு புளியமரத்து அடியில ஓரங்கட்டி, பாடி நெழல்ல ஸ்டவ்வ வச்சு, அரிசிம்பருப்பு சாப்பாடு ஆக்கி தயிர் வாங்கி ஊத்திக்கிட்டு சாப்பிட்டுட்டு வண்டிக்கு அடியிலயே ஒரு அரை மணி நேரம் படுத்தா, அந்த தூக்கம் இப்ப ஏசி ரூம்ல வரமாட்டேங்குது. இதுக்கும் டாடாவுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா ஸ்டார் குடுக்கறது நான்தானே.

லோடு கதை கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா முழுசா இருக்காது. போறப்ப ஜவ்வரிசி. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் மில்லுல இருந்து பம்பாய் பக்கத்து வாஷி மார்க்கெட்டுக்கு. வடக்க விரதத்துக்கு கிச்சடி பண்றது அதுலதான், நவராத்திரிக்கு முன்னாடி வாடகை ஏறும். ஜவ்வரிசிக்கு எதிரி தண்ணி, ஒரு மூட்டை நனைஞ்சா பசையாயிரும், அதனால படுதா ரெண்டு போட்டு கயிறு இழுத்து கட்டறதுலயே பாதி நாள் போகும், மழைக் காலத்துல பம்பாய் போனா தெரியும், அங்க மழை மேல இருந்து மட்டும் வராது. திரும்பறப்ப நாசிக், லாசல்காவ் பக்கம் போயி வெங்காயம். வெங்காயத்துக்கு நேர் எதிரா காத்து வேணும், படுதாவ எறக்கி மூடுனா உள்ள வெந்து அழுகிரும், தொறந்து வச்சா மழை. கம்பாட்கி மலைய தாண்டி மூணாவது நாள் கோயம்பேட்டுல எறக்கறதுக்குள்ள மூக்கு செத்துரும். வீட்டுக்கு வந்தா எம்பொண்ணு தூரத்துலயே அப்பா வாசனை வருதும்பா. செக்போஸ்ட்டுங்க பத்தி எழுதுனா இது ரிவ்யூவா இருக்காது, புகார் மனுவாயிரும், 2017ல ஜிஎஸ்டி வந்து பார்டர்ல அந்த வரி செக்போஸ்ட்டு எடுத்ததும் எங்க ஆளுங்க பட்டாசு வெடிச்சாங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

நேஷனல் பெர்மிட் ரெண்டு ஆக்ஸில் வண்டிக்கு 12 வருஷம் வரைக்கும்தான், அதுக்கு மேல வெளி மாநிலம் போக முடியாது. என் வண்டியும் அந்த வயசு வந்ததும் லோக்கலுக்கு எறங்குச்சு, செங்கல், எம்சாண்டு, போர்வெல் ரிக் வண்டிக்கு பைப் தூக்கறது இப்படி. பம்பாய் போயிட்டு வந்த வண்டி செங்கச் சூளைக்கு போறப்ப ஓட்டறதுக்கு எனக்கு மனசு வரல, டிரைவர் போட்டேன், அப்புறம் ஒரு தண்ணி லாரிக்காரருக்கு குடுத்துட்டேன். பாடிய கழட்டிட்டு டேங்க் ஏத்தி கொஞ்ச வருஷம் ஓட்டுனாரு. எஞ்சின் மட்டும் இன்னும் எங்கயோ ஓடுதுன்னு சொன்னாங்க.

இப்ப மச்சான் பையன் பன்னெண்டு சக்கர வண்டி வச்சிருக்கான், புகைக் கட்டுப்பாட்டுக்கு வந்த பிஎஸ் 6 விதிப்படி பண்ணுனது, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த மாடல். போன வருஷம் அவன்கூட பெங்களூர் வரைக்கும் போனேன். ஒரு விரல்ல ஸ்டியரிங் திருப்பறான், சீட்டு காத்துல மெதக்குது, எஞ்சின் சூடு தெரியல, தொப்பூர்ல எஞ்சின் பிரேக் சுவிட்ச்ச தட்டிட்டு பாட்டு கேட்டுக்கிட்டே எறங்கறான். எனக்கு பொறாமையா இருந்துச்சு, ஒளிக்க என்ன இருக்கு. 2025 அக்டோபர்ல இருந்து பண்ற பெரிய லாரிக்கு எல்லாம் கேபின்ல ஏசி கட்டாயம்னு கவர்மெண்ட்டே சொல்லிருச்சு, அதைப் படிச்சப்ப எனக்குள்ள இருக்கற டிரைவர் கை தட்டுனான், ஓனர் உடனே ஏசிக்கு டீசல் எவ்வளவு குடிக்கும்னு கேட்டான். திரும்பறப்ப கிருஷ்ணகிரி தாண்டி ஒரு மஞ்ச லைட் எரிஞ்சுது, வண்டி வேகமே எடுக்கல, புகைய சுத்தம் பண்ண ஊத்தற யூரியா தண்ணி சென்சார்ல ஏதோ கோளாறாம். எறங்கி பாக்கலாம்னு நான் துண்ட கட்டுனேன், மாமா நீங்க சும்மா இருங்க, லேப்டாப் வரணும்னான். லேப்டாப் வர சாயங்காலம் ஆச்சு. மாசத் தவணை எவ்வளவுன்னு கேட்டேன், அவன் சொன்ன தொகைக்கு எங்க காலத்துல நல்ல ஓட்டத்துல இருக்கற வண்டியே வாங்கியிருப்போம். அவனுக்கு முதுகு வலி இல்ல, ஆனா ராத்திரி தூக்கமும் இல்ல.

பழைய 1210 வாங்கி வைக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு. ஓட்டி சம்பாதிக்கறதுக்குன்னா வேணாம், நேராவே சொல்றேன். 15 வருஷம் தாண்டுன பெரிய வண்டிக்கு எஃப்சி புதுப்பிக்கற கட்டணமே 2022 ஏப்ரல்லயே 12,500 ரூபா ஆக்குனாங்க, பசுமை வரி தனி, அதை லோக்கல் வாடகையில எடுக்க முடியாது. ஆசைக்குன்னா தாராளமா வாங்குங்க, ஆனா பெயிண்ட்ட பாத்து மயங்காதீங்க. எஞ்சின ஓடவிட்டு ஆயில் ஊத்தற மூடிய தொறந்து பாருங்க, குபுகுபுன்னு புகை வந்தா பேக் கம்ப்ரஷன், எஞ்சின் வேலை இருக்குன்னு அர்த்தம். கிராங்க் என்ன சைஸ்ல இருக்குன்னு கேளுங்க, நாப்பதுல இருக்குன்னா அடுத்த வேலைக்கு கிராங்க்கே மாத்தணும். சேஸ்ல, முக்கியமா ஸ்பிரிங் பிராக்கெட்டு பக்கத்துல, வெல்டிங் பத்து வச்சிருக்கான்னு படுத்துப் பாருங்க, மேல புதுசா கறுப்பு பெயிண்ட் இருந்தா சாவியால சொரண்டிப் பாருங்க. சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்சில இருக்கற நம்பரும் ஒன்னான்னு பாருங்க, எஞ்சின் மாத்துன வண்டி ஏராளம், மாத்துனது தப்பில்ல, புக்குல ஏத்தியிருக்கணும். ஃபைனான்ஸ் எச்பி, அதாவது வண்டி மேல கடன் இருக்குன்னு புக்குல போட்ட பதிவு, கேன்சல் ஆயிருக்கான்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க, கடன் முடிஞ்சும் புக்குல பேர் எடுக்காத வண்டி நெறைய இருக்கு, அந்த ஃபைனான்ஸே இப்ப இருக்காது, கடன் பாக்கி இல்லன்னு என்ஓசி வாங்க யாரைத் தேடிப் போவீங்க.

ஸ்பேர்ஸ் பயம் வேணாம், பழைய லாரி பிரிக்கற எடத்துல கெடைக்கும். மரக் கேபின் வேலை தெரிஞ்ச ஆசாரிதான் இப்ப கெடைக்கறதில்ல, இருக்கற ஒன்னு ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு, அதனால வண்டிய தேடறதுக்கு முன்னாடி ஆசாரிய தேடுங்க. சீட்டுக்கு மட்டும் பழசு மாதிரியே இருக்கணும்னு அடம் புடிக்காதீங்க, நல்ல ஃபோம் போட்டுக்கங்க.